பாப்பிலியோ 6.5×21: உள்ளானுக்கும் நீலனுக்கும் ஒரே பைனாகுலர்

எனக்குக் கரைப்பறவைகள், என் மகளுக்குப் பட்டாம்பூச்சிகள். இருவரும் ஒரே கடற்கரைக்குத்தான் போகிறோம். நான் நீர்விளிம்பில் எண்பது மீட்டர் தள்ளி மேய்கிற உள்ளான்களைப் பார்த்தபடி நிற்பேன். பதினொரு வயதான அவள், அலை எட்டாத மேட்டில், அடும்பங்கொடி படர்ந்த மணலில் முழங்காலிட்டிருப்பாள். எங்களிடம் இருந்த பைனாகுலர் ஒன்றுதான், என்னுடைய 8×42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்லென்ஸ் 42 மி.மீ.).

பறவைகளுக்கு அது நல்ல கருவி. பத்து வருடமாக என்னோடு இருக்கிறது. ஆனால் இரண்டரை மீட்டருக்குள் வந்த எதுவும் அதில் தெளியாது. காலடியில் உட்கார்ந்த பட்டாம்பூச்சியைப் பார்க்க வேண்டுமென்றால் பின்னாலேயே நடக்க வேண்டும், நடந்து முடிப்பதற்குள் அது பறந்துவிடும். மகள் தானாகவே ஒரு வழி கண்டுபிடித்தாள். பைனாகுலரைத் தலைகீழாகத் திருப்பி, கண் வைக்கும் பக்கத்தைப் பொருளுக்கு மிக அருகில் கொண்டுபோய், பெரிய கண்ணாடிப் பக்கத்திலிருந்து பார்த்தால் அது பூதக்கண்ணாடியாகிவிடும். உண்மையிலேயே பலன் தரும் வழி அது. சிப்பிக்கும் செத்த வண்டுக்கும் சரி. உயிரோடு தேன் குடித்துக்கொண்டிருக்கும் பட்டாம்பூச்சி அவ்வளவு கிட்டே வர விடாது.

அவளுக்காகத்தான் பென்டாக்ஸ் பாப்பிலியோ 2 வாங்கினேன், 6.5×21 அளவு. ஏழு மாதமாகிறது. இப்போது கடற்கரையில் பாதி நேரம் அது என் கழுத்தில்தான் கிடக்கிறது. வாங்கும்போது இதை நான் எதிர்பார்க்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பாப்பிலியோ என்றால் லத்தீனில் பட்டாம்பூச்சி. 1758-ல் ஸ்வீடன் நாட்டு இயற்கை அறிஞர் லின்னேயஸ் உயிரினங்களுக்குப் பெயர் வைத்தபோது, தனக்குத் தெரிந்த பட்டாம்பூச்சிகள் அத்தனையையும் பாப்பிலியோ என்ற ஒரே பேரினத்தில் வைத்தார். இன்று அந்தப் பெயர் எலுமிச்சை அழகிக்கும் அதன் நெருங்கிய உறவுகளுக்கும் மட்டும் மிஞ்சியிருக்கிறது. இந்தப் பைனாகுலருக்கு அந்தப் பெயர் பொருத்தமானதுதான். அரை மீட்டர் தூரத்தில் இருப்பதைக்கூட இதில் தெளிவாகப் பார்க்கலாம். நின்ற இடத்திலிருந்து உங்கள் செருப்பைப் பார்க்கலாம், உட்கார்ந்தால் முழங்காலில் ஊரும் எறும்பைப் பார்க்கலாம்.

இதை எப்படிச் செய்கிறார்கள் என்பதை வெளியிலிருந்தே காண முடிகிறது. முன்பக்கம் ஒரே தட்டைக் கண்ணாடி, அதற்குப் பின்னால் இரண்டு லென்ஸ்கள். ஃபோகஸ் சக்கரத்தைக் கிட்டப்பார்வைக்குத் திருப்பத் திருப்ப, அந்த இரண்டு லென்ஸும் ஒன்றையொன்று நோக்கி மெல்ல நகர்கின்றன. நம் கண்ணும் அதைத்தானே செய்கிறது! விரலை மூக்குக்கு அருகே கொண்டுவந்து பாருங்கள், இரண்டு விழியும் உள்பக்கம் திரும்பும். சாதாரண பைனாகுலரின் இரண்டு குழாயும் எப்போதும் இணையாகவே நிற்பதால், ரொம்பக் கிட்டத்தில் வலது கண்ணுக்கு ஒரு காட்சியும் இடது கண்ணுக்கு வேறொரு காட்சியும் வந்து இரண்டும் ஒட்டாமல் போகும். இதில் ஒட்டுகிறது. பெட்டியைத் திறந்த முதல் நாள் மகள் அதைத் தன் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு, பூச்சி எதையும் பார்க்காமல், சக்கரத்தை முன்னும் பின்னும் சுழற்றி அந்த லென்ஸ்கள் நகர்வதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு சின்னக் கணக்கு. 6.5 மடங்கு என்றால் தூரத்தை 6.5-ஆல் வகுத்துக்கொள்ளலாம். நூறு மீட்டரில் இருக்கும் பறவை பதினைந்து மீட்டரில் இருப்பதுபோல் தெரியும். 8 மடங்கில் அதுவே பன்னிரண்டரை மீட்டர். பெரிய வித்தியாசமில்லை. இப்போது அரை மீட்டரை வகுத்துப் பாருங்கள். ஏழரை சென்டிமீட்டர் சொச்சம்! வெறுங்கண்ணை அவ்வளவு கிட்டே கொண்டுபோனால் எல்லாம் மங்கிவிடும். ஆகவே இது தூரத்துக்குப் பைனாகுலர், கிட்டத்துக்குப் பூதக்கண்ணாடி, அதுவும் இரண்டு கண்ணாலும் பார்க்கிற பூதக்கண்ணாடி. இரண்டு கண் என்பதால் ஆழம் தெரிகிறது. இறக்கை ஒரு தளத்திலும் அதற்கு முன்னால் உணர்கொம்பு வேறு தளத்திலும் நிற்பது புலப்படுகிறது. படத்தில் கிடைக்காத அனுபவம் இது.

சரி, கடற்கரைக்கு வருகிறேன்.

சென்ற மாதம் அமாவாசைக்கு மறுநாள் போனோம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடலின் ஏற்றமும் வற்றமும் பெரிதாக இருக்கும். சூரியனும் சந்திரனும் ஒரே நேர்கோட்டில் நின்று கடலை இழுப்பதுதான் காரணம். கரைப்பறவை பார்ப்பவர்களுக்குக் கடிகாரத்தைவிட, கடல் ஏறி வற்றும் நேரங்களைச் சொல்லும் ஓத அட்டவணை முக்கியம். பெரும்பாலான கரைகளில் ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் நடுவே ஏறக்குறைய பன்னிரண்டு மணி இருபத்தைந்து நிமிடம். அதனால் நேற்றைய நேரம் இன்று ஐம்பது நிமிடம் போல் தள்ளிப்போகும். அன்று காலை ஆறரைக்கு வற்றம், பகல் பன்னிரண்டே முக்காலுக்கு ஏற்றம். ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தின் ஓரமாக, சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்படி இடம் பிடித்தோம்.

முதல் இரண்டு மணி நேரம் பாப்பிலியோ பறவைகளுக்குப் போதவில்லை. கடல் உள்வாங்கிச் சேறு பரந்து கிடந்தது. பறவைகள் நூற்றைம்பது மீட்டர், இருநூறு மீட்டர் தள்ளி. அந்தத் தூரத்தில் கொசு உள்ளானை மற்றச் சிறு உள்ளான்களிலிருந்து பிரிக்க முடியாது. என் 8×42-விலும் அது சிரமம்தான். அதற்கு முக்காலியில் நிற்கும் முப்பது மடங்கு ஸ்கோப் வேண்டும். பறவையை அடையாளம் காண ஆய்வாளர்கள் அதன் காலில் மாட்டும் வளையத்தையோ கொடியையோ படிப்பவர்களுக்கும் அப்படித்தான். பறவையின் காலில் வண்ணக் கொடி கட்டியிருக்கிறார்கள் என்பதுவரை பாப்பிலியோவில் தெரிந்துகொள்ளலாம், எழுத்தைப் படிக்க இது போதாது.

ஆனாலும் அந்த இரண்டு மணி நேரம் வீணில்லை. இறகு தெரியாவிட்டாலும் நடை தெரியும். உப்புக்கொத்தி ஓடும், சட்டென்று நிற்கும், பார்க்கும், ஒரே கொத்து, மறுபடி ஓடும். அதற்குப் பெரிய கண், குட்டையான அலகு. கண்ணால் இரை தேடுகிற பறவை. உள்ளான் அப்படி நிற்காது. தலை குனிந்தபடியே தையல் இயந்திரம்போல் குத்திக்கொண்டே நகரும், ஏனென்றால் அது தேடுவது அலகு நுனியால். அலகு நுனி எலும்பில் நுண்ணிய குழிகளும், அவற்றுக்குள் அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகளும் இருக்கின்றன. சேற்றுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும் புழுவை அது தொட்டு அறிகிறது. மகளிடம், "நின்னு நின்னு ஓடினா உப்புக்கொத்தி, நிக்காம குத்தினா உள்ளான்" என்று சொல்லிவிட்டுப் பாப்பிலியோவைக் கொடுத்தேன். பத்து நிமிடத்தில் அவளாகவே பிரித்து எண்ண ஆரம்பித்துவிட்டாள். இதற்கு 6.5 மடங்கு தாராளம். பார்வைப் பரப்பு ஏழரை பாகை, ஆயிரம் மீட்டரில் 131 மீட்டர் அகலம். கூட்டம் முழுவதும் ஒரே வட்டத்துக்குள் அடங்குவதால் யார் நிற்கிறார்கள், யார் ஓடுகிறார்கள் என்று ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. மடங்கு கூடக்கூட இந்த அகலம் சுருங்கிக்கொண்டே போகும்.

எட்டரை மணிக்கு வெயில் மணலைச் சூடாக்கியதும் மேட்டில் பட்டாம்பூச்சிகள் கிளம்பின. அங்கேதான் இந்தப் பைனாகுலரின் உண்மையான திறமை தெரிந்தது.

அவரைக் குடும்பத்துக் கொடி ஒன்று அடும்புக்கு நடுவே ஊதாப் பூக்களோடு ஏறியிருந்தது. அதன் மொட்டில் பட்டாணி நீலன் உட்கார்ந்தது. நகத்தளவுதான் இருக்கும். வெறுங்கண்ணுக்குப் பழுப்பும் வெள்ளையுமாக ஏதோ ஒன்று. மகள் எண்பது சென்டிமீட்டரில் நிறுத்திக்கொண்டு சக்கரத்தைத் திருப்பினாள். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "அம்மா, இதுக்கு ரெண்டு பக்கமும் தலை இருக்கு" என்றாள்.

வாங்கிப் பார்த்தேன். இறக்கையின் அடிப்புறம் முழுக்க அலை அலையாகக் கோடுகள். பின்னிறக்கையின் கடைசி முனையில் இரண்டு கறுப்புப் பொட்டுகள், அவற்றைச் சுற்றி ஆரஞ்சு வண்ணம், பொட்டுக்குள் பச்சையாக மினுங்கும் செதில்கள். அந்த முனையிலிருந்து நூல்போல மெல்லிய வால், நுனியில் வெள்ளை. நீலன் பின்னிறக்கைகள் இரண்டையும் மாற்றி மாற்றி மேலும் கீழும் தேய்த்துக்கொண்டிருந்தது. தேய்க்கும்போது அந்த வால்கள் உணர்கொம்புகள் மாதிரியே அசைந்தன. பொட்டுகள் கண்கள், வால்கள் கொம்புகள். பொய்த் தலை! தாக்க வரும் குதிக்கும் சிலந்தியோ பல்லியோ அந்தப் பக்கம் பாய்ந்தால், வாயில் சிக்குவது இறக்கையின் ஒரு துணுக்கு மட்டும். நிஜத் தலை எதிர்ப்பக்கம் பறந்துவிடும். சற்றுத் தள்ளி இன்னொரு பட்டாணி நீலன் இருந்தது. அதற்கு ஒரு பக்கத்துப் பொட்டும் வாலும் சேர்த்து அரைவட்டமாகக் காணாமல் போயிருந்தன. அது தன் பாட்டுக்குத் தேன் குடித்துக்கொண்டிருந்தது. இந்தப் பொய்த் தலையைப் பற்றிப் பல வருடமாகத் தெரியும். வால் போன ஒன்று உயிரோடு உட்கார்ந்திருப்பதை அன்றுதான் முழுதாகப் பார்த்தேன்.

அடுத்தது வெந்தய வரியன். அவசரமே இல்லாத பூச்சி. புழுவாக இருக்கும்போது எருக்கிலையைத் தின்று சேர்த்த நஞ்சு உடம்பில் இருப்பதால் பறவைகள் இதைத் தொடுவதில்லை, இதற்கும் ஓட வேண்டிய தேவையில்லை. மேட்டில் தேள்கொடுக்குச் செடி காய்ந்து நின்றது. அதன் தண்டில் இரண்டு மூன்று வந்து ஒட்டிக்கொண்டிருந்தன. பூவே இல்லாத காய்ந்த செடியில் என்ன வேலை என்று கேட்டாள். பெரும்பாலும் ஆண்கள்தான் அப்படி வருகின்றன. அந்தச் செடியில் இருக்கும் ஒருவகைக் கசப்புப் பொருளை உறிஞ்சி, பெண்ணை ஈர்க்கும் வாசனையைச் செய்ய அதைப் பயன்படுத்துகின்றன. ஆண்தானா என்று அங்கேயே சரிபார்க்க முடிந்தது. பின்னிறக்கையின் நடுவில் பெண்ணுக்கு மூன்று கறுப்புப் புள்ளிகள், ஆணுக்கு நான்கு. அந்த நான்காவதுதான் வாசனைப் பை. ஒன்றேகால் மீட்டரிலிருந்து எண்ணினோம். நான்கு.

அவள் எண்ணுவதை நிறுத்தவில்லை. "அம்மா, இதுக்குக் கால் நாலுதான் இருக்கு. பூச்சின்னா ஆறு இருக்கணுமே?" சரியான கேள்வி. வெந்தய வரியன் சேர்ந்த குடும்பத்தில் முன்னங்கால் இரண்டும் சிறுத்து, மார்போடு மடங்கிக் கிடக்கும். நடக்கவும் நிற்கவும் உதவாது. தேடச் சொன்னேன். கறுப்பு மார்பில் வெள்ளைப் பொட்டுகளுக்கு இடையே மடங்கியிருந்த அந்தக் குட்டிக் காலை அவளே கண்டுபிடித்தாள். வலை இல்லை, பிடிக்கவில்லை, இறக்கையில் ஒரு செதில்கூட உதிரவில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே பட்டாம்பூச்சி பார்க்கும் குழந்தை இருக்கிற வீட்டில் இது இருக்க வேண்டும் என்பேன்.

ஒரு விஷயம் பழக வேண்டும். பறவைக்குச் சூரியன் முதுகில் இருப்பது நல்லது, பட்டாம்பூச்சிக்கு அதுவே ஆபத்து, நம் நிழல் அதன்மேல் விழும். நிழல் விழுந்தால் அது இருக்காது. பக்கவாட்டாகப் போய், உட்கார்ந்து, பிறகு பைனாகுலரைத் தூக்க வேண்டும். அரை மீட்டர் வரை நெருங்க முடியும் என்பதற்காக நெருங்க வேண்டியதுமில்லை. ஒரு மீட்டரிலேயே எல்லாம் தெரிகிறது, பூச்சியும் நிம்மதியாக இருக்கிறது. சக்கரத்தைக் கிட்டத்தில் நிறையச் சுற்ற வேண்டும், தூரத்தில் கொஞ்சம் அசைத்தாலே போதும். நீலனைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது தலைக்கு மேல் ஆலா கத்தினால், சக்கரத்தைச் சுற்றி முடிப்பதற்குள் அது போய்விடும். இரண்டையும் ஒரே கருவியில் கேட்டால் இதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

பத்தரை மணிக்கு மேல் ஏற்றம் எங்கள் பக்கம் வந்தது. அப்போதுதான் இந்தச் சின்னக் கருவி கரைப்பறவையை எப்படிப் பார்க்க வைக்கிறது என்று புரிந்தது. பெரிய கருவி இருந்தால் நான் தூரத்துப் பறவையைத் துரத்துவேன். சேற்றோரமாக நடந்துகொண்டே இருப்பேன், பறவைகளும் எழும்பி எழும்பித் தள்ளி உட்காரும். பாப்பிலியோவோடு அது பலிக்காது. உட்கார்ந்து காத்திருக்க வேண்டும். கடல் மேயும் இடத்தை மூட மூட, பறவைகள் தாமாகவே நம் பக்கம் தள்ளப்பட்டு வரும். ஏற்றத்துக்கு முந்தைய இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தால் போதும். பைனாகுலரின் மிச்ச வேலையை அலை செய்துவிடுகிறது.

முதலில் சாண்டர்லிங் வந்தது, வெளிறிய சின்ன உள்ளான். அலை பின்வாங்கும்போது அதன் பின்னாலேயே ஓடி, ஈரமணலில் குத்தி, அடுத்த அலை வருமுன் திரும்பி ஓடும். பன்னிரண்டு பறவைகள், எங்களிடமிருந்து பதினெட்டு மீட்டர். வேகமாக ஓடுவதால் குறுகிய வட்டத்தில் இவற்றைப் பிடித்து வைப்பது கடினம். இதில் இரண்டு மீட்டருக்கு மேல் அகலம் கிடைப்பதால் ஓட்டம் முழுதும் கண்ணுக்குள்ளேயே நடந்தது. கடற்காற்று பலமாக இருந்தும் காட்சி ஆடவில்லை, மடங்கு குறைந்தால் கை நடுக்கமும் குறைவாகத்தானே பெரிதாகும். அவை தள்ளிப் போனதும் மகள் எழுந்து போய் பாப்பிலியோ வழியாக ஈரமணலில் பதிந்த கால்தடத்தைப் பார்த்தாள். நான் கற்றுக்கொடுக்காத உபயோகம் அது. மூன்று விரல், மூன்றும் முன்பக்கம். மற்ற உள்ளான்களுக்குப் பின்னால் ஒரு குட்டி விரல் உண்டு, சாண்டர்லிங்குக்குக் கிடையாது. தடத்தின் பக்கத்தில் அலகு இறங்கிய துளைகள், தைத்து வைத்ததுபோல் வரிசையாக. ஒரே கருவியில் பறவையையும் பார்த்து, அது விட்டுப்போனதையும் படிக்க முடியும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

பிறகு கல்திருப்பி உள்ளான். ஆறு மீட்டர் வரை வந்தது. ஆரஞ்சுக் கால், தடித்து நுனி கூரான அலகு. அலை ஒதுக்கிய கடற்பாசிக் குவியலை நெற்றியால் முட்டிப் புரட்டி, அடியில் துள்ளிய மணல்தத்துப் பூச்சிகளைக் கொத்தியது. ஒரு சிப்பியை அலகால் நெம்பிக் கவிழ்த்தபோது அதன் கழுத்து இறகுகள் சிலிர்த்து அடங்கியதுவரை பார்த்தேன். ஆறு மீட்டர் தூரம் என் 8×42-க்கும் எட்டும். ஆனால் அந்த எழுநூறு கிராம் கருவியைத் தூக்கியபடி இருபது நிமிடம் அசையாமல் உட்கார எனக்குக் கை வலிக்கும். பாப்பிலியோ 290 கிராம்தான். முழங்காலில் முழங்கையை ஊன்றிக்கொண்டால் எடையே தெரிவதில்லை.

பதினொன்றரைக்குக் கோட்டான்களோடு (ஆந்தையல்ல, வளைந்த அலகுள்ள கரைப்பறவை) பட்டைவால் மூக்கன்கள் நான்கு இறங்கின. நாற்பது மீட்டர். நுனி சற்று மேல்நோக்கி வளைந்த நீண்ட அலகு நன்றாகவே தெரிந்தது. ஒன்றின் அலகு மற்றவற்றைவிட நீளம், அது பெண்ணாக இருக்க வேண்டும். இந்த இனத்தைச் சேர்ந்த ஓர் இளம்பறவை, பிறந்து ஐந்து மாதமே ஆனது, 2022 அக்டோபரில் அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியாவரை 13,560 கிலோமீட்டர் நிற்காமல் பறந்ததை மகளிடம் சொன்னேன். பதினொரு நாள், உணவில்லை, தண்ணீரில்லை, உட்கார இடமில்லை. கேட்டுவிட்டு மேட்டைத் திரும்பிப் பார்த்தாள். "பட்டாம்பூச்சி கடலைத் தாண்டுமா?"

தாண்டியிருக்கிறது. 2013 அக்டோபரில் தென் அமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவில் ஒரு கடற்கரை மணலில், இறக்கை கிழிந்து களைத்துப்போன பெயின்டட் லேடி பட்டாம்பூச்சிகளை ஜெரார்ட் தலவேரா என்ற பூச்சியியலாளர் கண்டார். அந்தப் பகுதியில் இருக்கவே கூடாத இனம் அது. உடம்பில் ஒட்டியிருந்த மகரந்தம் ஆப்பிரிக்கச் செடிகளுடையது. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அட்லாண்டிக்கைக் கடந்து, குறைந்தது 4,200 கிலோமீட்டர், காற்றின் துணையோடு வந்திருக்கின்றன என்று அவரது குழுவினர் 2024-ல் கட்டுரை வெளியிட்டார்கள். அதைச் சொன்ன பிறகு அவள் மேட்டுக்குப் போகவில்லை. நீர்விளிம்பை ஒட்டிய மணலையே கிட்டப்பார்வையில் வைத்துத் தேடிக்கொண்டு நடந்தாள். பட்டாம்பூச்சி கிடைக்கவில்லை. கரைப்பறவையைப் பார்ப்பதுபோலவே அவள் பட்டாம்பூச்சியைத் தேடுவதை அன்று முதல்முறையாகப் பார்த்தேன்.

ஏற்றம் முழுமையானதும் பறவைகள் மேட்டோரமாக ஒதுங்கி, ஒற்றைக்காலில், அலகை முதுகில் செருகிக்கொண்டு நின்றன. அந்த ஓய்வைக் கெடுக்கக்கூடாது. குனிந்திருந்த தலைகள் நிமிர ஆரம்பித்தால் நாம் அதிகம் நெருங்கிவிட்டோம் என்று பொருள். நாங்கள் உட்கார்ந்தபடியே பின்னால் நகர்ந்து கிளம்பினோம்.

இனி வாங்க நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். வெளிச்சம்: முன்லென்ஸ் 21 மி.மீ., அதை 6.5-ஆல் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் விட்டம் 3.2 மி.மீ. பகல் வெயிலில் நம் கண்பாவையே இரண்டு மூன்று மி.மீ. அளவுக்குத்தான் திறந்திருக்கும். ஆகவே கடற்கரைப் பகலில் எந்த இழப்பும் தெரியாது. அந்தியில் பாவை விரியும், அப்போது 3.2 போதாது. என் 8×42 ஐந்து மி.மீ.க்கு மேல் தருகிறது, பறவைகள் அடையும் மாலை நேரத்துக்கு அதைத்தான் எடுக்கிறேன். சிறிய லென்ஸ் உள்ள எந்தப் பைனாகுலருக்கும் இது பொருந்தும்.

இதே வரிசையில் 8.5×21 அளவும் வருகிறது. அதுவும் அரை மீட்டர்வரை தெளிவாகக் காட்டும். பறவைக்குச் சாதகம் என்று தோன்றலாம். ஆனால் ஒளிக்கற்றை இரண்டரை மி.மீ.க்கு இறங்கிவிடுகிறது, பார்வைப் பரப்பும் ஆறு பாகைதான், காற்றில் ஆட்டமும் கூடும். பெரிய பைனாகுலர் ஏற்கெனவே வீட்டில் இருந்தால் 6.5 எடுங்கள். இது ஒன்றுதான் இருக்கப்போகிறது, பறவைதான் அதிகம் பார்ப்பீர்கள் என்றால் மட்டும் 8.5-ஐ யோசிக்கலாம். பறவை மட்டும்தான் என்றால் இரண்டுமே வேண்டாம், ஒரு நல்ல 8×42 வாங்குங்கள்.

மூக்குக்கண்ணாடி போடுபவர்கள் கண் தூரத்தை, அதாவது முழு வட்டமும் தெரிய லென்ஸிலிருந்து கண் இருக்க வேண்டிய இடைவெளியை, கவனிக்க வேண்டும். இதில் 15 மி.மீ. என் கண்ணாடியோடு வட்டத்தின் விளிம்பு மட்டும் மறைகிறது, கண்ணாடி இல்லாத மகளுக்கு முழு வட்டமும் கிடைக்கிறது. கண்வளையத்தைத் திருகி உயர்த்தலாம், இறக்கலாம். கண்ணாடி போட்டிருந்தால் முழுதும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். வாங்குமுன் ஒருமுறை கண்ணில் வைத்துப் பார்ப்பது நல்லது. அடியில் முக்காலித் திருகுக்கு இடம் இருக்கிறது. ஒரே பூவுக்குத் திரும்பத் திரும்ப வரும் பட்டாம்பூச்சி இருந்தால், முக்காலியில் பொருத்திவிட்டுக் கை ஓய்வாகப் பார்க்கலாம்.

இது நீர்புகாத கருவி இல்லை. கடற்கரைக்குக் கொண்டுபோகும்போது இதை மறக்கவே கூடாது. மழை மேகம் கண்டால் உறைக்குள் போய்விட வேண்டும். அலைச்சாரல் படும் இடத்தில் கழுத்தில் தொங்கவிட்டு நடக்கக்கூடாது. உப்புக் காற்று மட்டும் எப்படியும் படும். பல வருடம் முன்னால், வேறொரு பைனாகுலரின் லென்ஸில் படிந்த உப்பை ஈரமில்லாத சட்டைத் துணியால் நானே துடைத்து, பூச்சில் நிரந்தரக் கீறல் போட்டுவிட்டேன். உப்பும் மணலும் காய்ந்த நிலையில் அரத்தூள் மாதிரிதான். இப்போது வீட்டுக்கு வந்ததும் முதலில் ஊதுகுழல் பந்தால் மணலை ஊதுகிறோம். பிறகு நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மென்துணியால், அழுத்தாமல், அந்த முன்கண்ணாடியை ஒற்றி எடுக்கிறோம். லென்ஸ்கள் உள்ளே இருந்து வெளியே தட்டைக் கண்ணாடி மட்டும் இருப்பதால் மூலையில் உப்பு தேங்குவதில்லை. ஈரம் போனபின் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் மூடுகிறோம். ஃபோகஸ் சக்கரத்தின் இடுக்கில் மணல் இருக்கிறதா என்று பார்ப்பது மகளின் வேலை. காதோரம் வைத்து ஒரு முழுச் சுற்று சுற்றுவாள், கரகரவென்ற சத்தம் கேட்காவிட்டால்தான் டப்பாவை மூட விடுவாள்.